வீட்டுக்கு எந்த கம்ப்ரசர்? வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலும் கார் ஷெட்டிலும் வைத்துக்கொள்ளும் சின்ன ஏர் கம்ப்ரசர் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

வீட்டில் ஒரு கார், ஒரு பைக், ஒரு ஸ்கூட்டர், பையனின் சைக்கிள். டயருக்குக் காற்று அடித்தால் போதும், வேறு வேலை கிடையாது. 24 லிட்டர் டேங்க் உள்ள கம்ப்ரசரே வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். அவ்வளவு பெரிது வேண்டுமா? – வாசகர், திருச்சி

வேண்டாம். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் இன்ஃப்ளேட்டரோ, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பேட்டரி இன்ஃப்ளேட்டரோ உங்களுக்குத் தாராளம். சாதாரணக் கார் டயருக்குள் ஏறக்குறைய 30 லிட்டர் இடம் இருக்கும். 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிட்ட டயரை 33-க்கு ஏற்ற 16, 17 லிட்டர் காற்றுதான் உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் சின்ன பம்ப் அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். முழுக்க இறங்கிய டயர் என்றால் 70 லிட்டர் தேவை, நாலைந்து நிமிடம் ஆகும். அதற்காக 25 கிலோ இயந்திரத்தை வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் '150 பி.எஸ்.ஐ.' என்பதை விட்டுவிடுங்கள். காருக்கு 30 முதல் 35, பைக்குக்கு 25 முதல் 35, சாதாரண சைக்கிளுக்கு 40 முதல் 60 இருந்தால் போதும். அந்த 150 உங்களுக்கு ஒருநாளும் தேவைப்படாது. பார்க்க வேண்டியவை வேறு. வாட்ஸ் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 180 வாட்ஸ் பம்ப் 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். பல கார்களில் அந்த சாக்கெட்டின் ஃப்யூஸ் 10 அல்லது 15 ஆம்பியர்தான். பாதி வேலையில் ஃப்யூஸ் போவது இதனால்தான். 120 வாட்ஸுக்குள் இருந்தால் சாக்கெட் தாங்கும். அதற்கு மேல் என்றால் பேட்டரி முனைகளில் நேரடியாகக் கவ்வும் கிளிப் உள்ள மாடல் வாங்குங்கள். சாக்கெட்டோ கிளிப்போ, இன்ஜினை ஓடவிட்டபடி அடியுங்கள்.

அடுத்து ஓயும் நேரம். இந்த வகை பம்புகளை 10 நிமிடம் ஓட்டினால் 10, 15 நிமிடம் ஆறவிட வேண்டும். நாலு டயரும் இறங்கிக் கிடக்கும் காருக்கு ஒரே மூச்சில் அடித்தால் உள்ளே இருக்கும் சின்ன பிஸ்டனின் சீல் உருகிப்போகும். அளவு வைத்தால் தானாக நிற்கும் வசதி கட்டாயம் இருக்கட்டும். என்ன அளவு வைப்பது என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும். வண்டி ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு அது. பம்பின் டிஜிட்டல் கேஜ் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தப்பாகக் காட்டுவது சகஜம். தனியாக ஒரு நல்ல டயர் கேஜ் வாங்கி ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பம்பின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்தப் பம்பால் முடியாத வேலை ஒன்று உண்டு. ட்யூப்லெஸ் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றிருந்தால் காற்று ஒரே வீச்சில் உள்ளே பாய வேண்டும். அதற்கு டேங்க் தேவை. வருடத்தில் ஒருமுறை வந்தாலே அதிகம் என்பதால், அதற்கு மட்டும் பஞ்சர் கடைக்குப் போய்க்கொள்ளலாம்.

கடையில் இரண்டு இயந்திரம் காட்டினார்கள். ஒன்று 1 ஹெச்.பி., 24 லிட்டர். இன்னொன்று அதே 1 ஹெச்.பி., ஆனால் 50 லிட்டர் டேங்க். பெரிய டேங்க் இருந்தால் காற்று அதிகம் வரும்தானே? தச்சு வேலை, வண்டி கழுவித் துடைத்தபின் ஊதுவது, எப்போதாவது வீல் நட் கழற்றுவது, இவைதான் என் வேலை. – வாசகர், ஈரோடு

வராது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டியைப் பெரிதாகக் கட்டியதால் போரில் இருந்து மோட்டார் அதிகம் இறைத்துவிடாது. தொட்டி நிறையக் கூடுதல் நேரம்தான் ஆகும். கம்ப்ரசரிலும் அப்படியே. டேங்க் வெறும் சேமிப்பு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றைப் பம்ப் தள்ளுகிறது என்பதுதான் விஷயம்.

அந்த எண்ணைத்தான் கடைகளில் மறைத்துப் பேசுகிறார்கள். பெட்டியில் 'காற்றளவு 120 லிட்டர்' அல்லது '4.2 சி.எஃப்.எம்.' (நிமிடத்துக்குக் கன அடி) என்று போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் வாரிக்கொள்ளும் கொள்ளளவு. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே தங்குவது, ரிங் வழியாகக் கசிவது, சூட்டில் குறைவது எல்லாம் போக, ஹோஸ் வழியாக உங்கள் கைக்கு வருவது அதில் 60, 70 சதவீதம். இதைத்தான் 'எஃப்.ஏ.டி.' என்று குறிப்பேட்டில் தனியாகப் போடுவார்கள். 7 பாரில் (பி.எஸ்.ஐ. போலவே பாரும் காற்றழுத்த அளவுதான், 1 பார் சுமார் 14.5 பி.எஸ்.ஐ.) எஃப்.ஏ.டி. எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அங்கேயே அளந்துவிடலாம், கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

டேங்கைக் காலி செய்து, அதன் அடியில் தண்ணீர் திறந்துவிட இருக்கும் டிரெயின் காக்கை மூடி, ஹோஸைக் கழற்றிவிட்டு ஓடவிடச் சொல்லுங்கள். கேஜ் முள் 0-வில் இருந்து 8 பாருக்கு ஏறி மோட்டார் தானாக நிற்கும் வரை நேரத்தைக் குறியுங்கள். டேங்க் லிட்டரை 8 பாரால் பெருக்கி, ஆன நிமிடத்தால் வகுத்தால் சராசரி கிடைக்கும். 24 லிட்டர் டேங்க் 2 நிமிடம் 40 நொடியில் நிறைந்தால், 24-ஐ எட்டால் பெருக்கி 192. அதை 2.67-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 72 லிட்டர். டேங்க் சூடாவதால் இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

இதைவிட உண்மையான கணக்கு ஒன்று இருக்கிறது. மோட்டார் நின்ற பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். 6 பார் பக்கம் முள் வந்ததும் பிரஷர் ஸ்விட்ச் 'டக்' என்று விழுந்து மோட்டார் மறுபடி ஓடும். அந்த நொடியில் காற்றை மூடிவிட்டு, திரும்ப 8-க்கு ஏறும் நேரத்தை அளங்கள். அந்த 2 பார் என்பது 24 லிட்டர் டேங்கில் 48 லிட்டர் காற்று. 50 நொடி ஆனால் நிமிடத்துக்கு 58 லிட்டர். வேலை நடக்கும்போது உங்களுக்குக் கிடைக்கப்போவது இதுதான். பெட்டியில் போட்டிருந்த 120-இல் பாதி.

இனி உங்கள் வேலைகளுக்கு வருவோம். சின்ன ஆணி அடிக்கும் பிராட் நெய்லர் ஒரு ஆணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் எடுக்கும். 24 லிட்டர் இயந்திரத்தோடு நாள் முழுக்க அடிக்கலாம். ஊதும் ஏர் கன் அப்படி இல்லை. 2 மில்லிமீட்டர் துளை வழியாக 6 பாரில் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் போகும். விட்டு விட்டு ஊதினால் தாங்கும். விசையை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் டேங்க் அரை நிமிடத்தில் சோர்ந்துவிடும். அரை அங்குல இம்பாக்ட் கன்னில் ஒன்றிரண்டு நட் கழன்றதும் மோட்டார் ஓடத் தொடங்கும். அது நிரப்பும் வரை காத்திருந்து அடுத்த நட். எப்போதாவது செய்யும் வேலைக்கு அந்தக் காத்திருப்பு பெரிதல்ல. ஒன்று மட்டும் கவனியுங்கள். சுருள் சுருளாக வரும் மெல்லிய ஹோஸில் இம்பாக்ட் கன் வேலை செய்யாது. உள்விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள நேரான ஹோஸ் வேண்டும். நட் முடுக்குவதைக் கையால், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து முடியுங்கள்.

ஆக உங்களுக்கு 24 லிட்டரே போதும். உப்புத்தாள் தேய்க்கும் ஏர் சாண்டர் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது நிமிடத்துக்கு 200, 300 லிட்டர் இடைவிடாமல் குடிக்கும். கரன்ட்டில் ஓடும் சாண்டர்தான் வீட்டுக்குச் சரி.

பீரோவுக்கும் ஸ்கூட்டர் பேனலுக்கும் பெயின்ட் அடிக்க 1 ஹெச்.பி. கம்ப்ரசரும் 1.4 மி.மீ. ஸ்ப்ரே கன்னும் வாங்கினேன். முதல் முக்கால் நிமிடம் அருமையாக அடிக்கிறது. பிறகு பெயின்ட் விசிறி போல் விரிவது சுருங்கி, சொட்டுச் சொட்டாகத் துப்புகிறது. கன் கோளாறா? – வாசகர், நாகர்கோவில்

கன் நன்றாகத்தான் இருக்கிறது, காற்றுதான் தீர்ந்துபோகிறது. 1.4 மி.மீ. கன் நிமிடத்துக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் கேட்கும். உங்கள் பம்ப் தருவது 60. மீதி 140 லிட்டர் டேங்கில் இருந்து போகிறது. 8 பாரில் இருந்து 3 பாருக்கு இறங்கும் வரை 24 லிட்டர் டேங்கில் 120 லிட்டர் கிடைக்கும். 120-ஐ 140-ஆல் வகுத்தால் சுமார் 50 நொடி. நீங்கள் எழுதிய முக்கால் நிமிடத்தோடு கணக்கு பொருந்துகிறது பாருங்கள்.

கம்ப்ரசரை மாற்றாமல் இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. 0.8 அல்லது 1.0 மி.மீ. நாசில் உள்ள சின்ன கன் வாங்குங்கள். டச்-அப் கன் என்று கேட்டால் கொடுப்பார்கள். 0.8-இல் பார்த்து வாங்கினால் நிமிடத்துக்கு 60 முதல் 120 லிட்டரில் முடிந்துவிடும். விசிறி சின்னதாக இருக்கும், ஸ்கூட்டர் பேனலுக்கு அதுவே வசதி. பீரோவை மொத்தமாகப் பிடிக்காமல் கதவு கதவாக அடித்து, ஒரு கதவு முடிந்ததும் மோட்டார் நிற்கும் வரை பொறுங்கள். நடுக் கதவில் காற்று தீர்ந்தால் அந்த இடம் மட்டும் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். தேய்த்து மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை.

காற்றழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெகுலேட்டரை, கன்னின் விசையை அழுத்திப் பிடித்தபடியே சரி செய்யுங்கள். காற்று ஓடாதபோது 3 பார் காட்டுவது, ஓடத் தொடங்கியதும் 2-க்கு விழும். மாதம் இரண்டு மூன்று முறை இந்த வேலை இருக்கும் என்றால் 2 ஹெச்.பி., 50 லிட்டர் பெல்ட் இயந்திரத்துக்கு மாறலாம். அது 130 லிட்டர் தந்தால், அதே 1.4 கன்னில் மூன்றரை நிமிடம் தொடர்ந்து அடிக்க முடியும்.

தின்னர் ஆவி பற்றியும் சொல்ல வேண்டும். பிரஷர் ஸ்விட்ச் விழும்போதெல்லாம் உள்ளே சின்னப் பொறி எழும். மூடிய ஷெட்டில் தின்னர் ஆவி நிறைந்திருக்க, கம்ப்ரசரும் அதே அறையில் இருப்பது தீ விபத்தை அழைப்பது போல. இயந்திரத்தை வெளியே வைத்து, 10 மீட்டர் ஹோஸ் இழுத்து அடியுங்கள். உறிஞ்சும் ஃபில்டரில் பெயின்ட் துகள் அடைக்காமலும் இருக்கும்.

ஆயில் போடும் கம்ப்ரசரா, ஆயில் இல்லாததா? இரண்டுக்கும் வக்காலத்து வாங்கிப் பேசுகிறார்கள். – வாசகி, சேலம்

எத்தனை நேரம் ஓட்டப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஆயில் இல்லாத வகையில் பிஸ்டனில் டெஃப்லான் ரிங் இருக்கும். பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை. படுக்கவைத்துக் காரில் கொண்டுபோகலாம், காற்றில் எண்ணெய் வராது. பெயின்டுக்கு அது பெரிய நன்மை. ஆனால் ரிங் தேயும். பெரும்பாலானவை பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஓய வேண்டியவை. பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடம் ஓய்வு. மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் மலிவு மாடல்களின் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேச முடியாது. 1,400 சுற்றில் ஓடும் இரட்டைப் பிஸ்டன் மாடலைத்தான் 'சைலன்ட்' என்று விற்கிறார்கள். முழு அமைதி கிடையாது, மிக்ஸியைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. எந்த மாடலானாலும் சுற்று எண்ணிக்கையைப் பெயர்த்தகட்டில் பாருங்கள்.

ஆயில் வகை, அதிலும் பெல்ட் வைத்தது, கனமானது, நீண்ட நேரம் உழைப்பது. ரிங், வால்வு பிளேட், கேஸ்கெட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். கம்ப்ரசர் செய்யும் எல்ஜி (ELGi) நிறுவனம் 1960-இல் தொடங்கியதும் கோயம்புத்தூரில்தான். அந்த ஊர்ப்பக்கம் உதிரிபாகத்துக்கோ, தெரிந்த மெக்கானிக்குக்கோ பஞ்சமில்லை. சேலத்தில் இருந்து எளிதில் போய் வரலாம்.

பெல்ட் இயந்திரம் வாங்கினால் மூன்று விஷயம் பழகிக்கொள்ள வேண்டும். ஆயில் கண்ணாடியில் சிவப்புப் புள்ளியின் நடுவரை ஆயில் நிற்க வேண்டும். புதிதாக வாங்கியதில் முதல் 50 மணி நேரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். புது ரிங் உரசி வரும் இரும்புத்தூள் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும். பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். பெரிய புல்லியின் கம்பிகள் விசிறி மாதிரி வளைந்திருப்பது சும்மா அழகுக்கு இல்லை, சிலிண்டர் ஹெட்டின் மேல் காற்றை வீசத்தான். புல்லியில் போட்டிருக்கும் அம்புக்குறித் திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று ஏறும், ஆனால் ஹெட் ஆறாமல் வால்வில் கரி படியும்.

கார் இன்ஜின் ஆயிலையே ஊற்றலாமா? – வாசகர், தருமபுரி

வேண்டாம். இன்ஜின் ஆயிலில் அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் மருந்து கலந்திருக்கும். கம்ப்ரசரில் சேரும் ஈரத்தையும் அது பிடித்துவைத்து ஆயிலைக் குழம்பாக்கும், சூடான வால்வில் கரியாகப் படியவும் செய்யும். கம்ப்ரசர் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். குறிப்பேட்டில் 68 அல்லது 100 என்று எந்த எண் போட்டிருக்கிறதோ அதுதான். ஆயில் இல்லாத வகையில் எந்த ஆயிலும் ஊற்றக்கூடாது.

2 ஹெச்.பி. பெல்ட் கம்ப்ரசர். முதல் தடவை நன்றாக ஓடி நிற்கிறது. காற்று இறங்கி மறுபடி ஓட வேண்டிய நேரத்தில் 'உம்ம்' என்று முனகிவிட்டு, எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் மோட்டார் சுருள் போய்விட்டது என்கிறார். – வாசகர், விழுப்புரம்

சுருள் கட்டக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டேங்கைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு ஓடவிடுங்கள். காலி டேங்கில் துள்ளி ஓடி, காற்று இருக்கும்போது மட்டும் முனகினால் மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. காலி டேங்கிலும் முனகினால்தான் கரன்ட் பக்கம் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகைதான்.

மோட்டார் நிற்கும் நொடியில் பிரஷர் ஸ்விட்ச் பக்கம் 'புஸ்ஸ்' என்று ஒரு சின்ன மூச்சு வர வேண்டும். பம்புக்கும் டேங்குக்கும் இடையே உள்ள குழாயில் தங்கிய காற்றை அன்லோடர் வெளியேற்றும் சத்தம் அது. பிஸ்டனுக்கு மேல் எதிர்ப்பு இல்லாமல் அடுத்த தடவை சுலபமாகக் கிளம்ப அதுதான் வழி. அந்தச் சத்தம் வரவே இல்லை என்றால் ஸ்விட்ச்சுக்குப் போகும் மெல்லிய குழாய் அடைத்திருக்கிறது, அல்லது ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் சின்னப் பின் சிக்கியிருக்கிறது.

சத்தம் இரண்டு மூன்று நொடியில் நிற்காமல், டேங்க் இறங்க இறங்க 'ஸ்ஸ்ஸ்' என்று நீண்டுகொண்டே போனால் அன்லோடரைக் குறை சொல்லாதீர்கள். அதற்கு முந்திய நான்-ரிட்டர்ன் வால்வு மூடாமல், டேங்குக் காற்று திரும்பி வருகிறது. பம்பில் இருந்து வரும் செம்புக் குழாய் டேங்கில் இறங்கும் இடத்தில் இருக்கும் பித்தளைக் கட்டைதான் அந்த வால்வு. பிளக்கைப் பிடுங்கி, டேங்கை 0-வுக்குக் கொண்டுவந்து, ஆறவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் சின்ன வட்டத் தட்டும் இருக்கும். தட்டின் முகத்தில் கருப்பாகக் கரி ஒட்டியிருந்தால் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தாலே சரியாகிவிடும். ரப்பர் பள்ளம் விழுந்திருந்தால் தட்டை மாற்றுங்கள். இதற்கு ஆகும் செலவை மோட்டார் சுருள் கட்டும் கூலியோடு ஒப்பிடவே முடியாது.

காலி டேங்கிலும் முனகுகிறவர்களுக்கு: முதலில் எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பாருங்கள். 2 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 9, 10 ஆம்பியர்தான், கிளம்பும் நொடியில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 15 மீட்டர் நீள 0.75 சதுர மி.மீ. ஒயரில் அந்த நொடி 35 வோல்ட்டுக்கு மேல் குறைந்துவிடும். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை கால்வாசிக்கு மேல் போய்விடும். சாயங்கால லோ வோல்டேஜும் சேர்ந்தால் மோட்டார் நகராது. 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்த 15 ஆம்ப் பிளக் பாயின்டில் நேராகப் போடுங்கள், எர்த் பின் வேலை செய்யட்டும். தூரம் போக வேண்டுமானால் ஒயரை நீட்டாமல் ஹோஸை நீட்டுங்கள். எம்.சி.பி. 'பி' வகையாக இருந்தால் கிளம்பும் கரன்டுக்கே விழும். 'சி' வகை போடச் சொல்லுங்கள். இவ்வளவும் சரியென்றால் கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லலாம்.

இன்வெர்ட்டரில் ஓடுமா? – வாசகி, தஞ்சாவூர்

வீட்டு இன்வெர்ட்டரில் 1 ஹெச்.பி. கம்ப்ரசரை ஓட்ட முயல வேண்டாம். கிளம்பும் கரன்டுக்கு அது தாங்காது. கரன்ட் இருக்கும்போதே டேங்கை நிரப்பி வையுங்கள். 24 லிட்டர் டேங்கில் 8 பார் இருந்தால் நாலு கார் டயருக்கும் குறைந்த காற்றை ஈடுகட்ட அது போதும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது, டேங்கில் தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று இப்போதுதான் கேள்விப்பட்டேன். உண்மையிலேயே அவ்வளவு தண்ணீர் சேருமா? – வாசகர், சென்னை

சேரும், இன்றைக்கே திறந்துவிடுங்கள். 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஆயிரம் லிட்டருக்கு 23 கிராம் நீராவி இருக்கும். அதை 8 பாருக்கு அமுக்கி டேங்கில் ஆறவிட்டால் மூன்று, நாலு கிராமைத்தான் காற்று தாங்கும். மீதி, சுமார் 20 மில்லி, தண்ணீராக அடியில் நிற்கும். நிமிடத்துக்கு 130 லிட்டர் தள்ளும் பம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர். மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

அந்தத் தண்ணீர் டேங்கின் அடித்தகட்டை உள்ளிருந்து தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். ஒருநாள் அடிப்பக்கம் ஊசித்துளை விழுந்து கசியலாம், இல்லையென்றால் மெலிந்த இடம் கிழிந்து டேங்கே வெடிக்கலாம். கம்ப்ரசரில் உயிருக்கு ஆபத்தான கோளாறு இதுதான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

திறக்கும் விதம்: பிளக்கைப் பிடுங்கி, காற்றை ஒன்று அல்லது ஒன்றரை பார் வரை குறையுங்கள். அடியில் பழைய பாத்திரம் வைத்து டிரெயின் காக்கை மெல்லத் திறந்து, இயந்திரத்தைக் காக் பக்கம் கொஞ்சம் சாயுங்கள். முதலில் தண்ணீர், பிறகு துப்பல், கடைசியில் வெறும் காற்று வரும் வரை விடுங்கள். பாத்திரத்தில் விழுந்ததைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் நல்லது. பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் கம்ப்ரசர் ஆயில் கலந்திருக்கிறது. கொஞ்சம் இருப்பது இயல்பு, செடிக்கு ஊற்றாதீர்கள். செங்கல் நிறத்தில் தூளோடு வந்தால் துரு பிடித்துவிட்டது. உங்கள் இயந்திரத்தில் ஒன்பது மாதத் தண்ணீர் இருப்பதால், துருத்தூள் வந்தால் டேங்கைத் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யும் இடத்தில் காட்டிய பிறகே ஓட்டுங்கள். இனி வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் திறந்துவிடுங்கள்.

பெயின்ட் அடிப்பவர்கள் நீர் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுவது வீண். அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே கடந்துபோகும். ஏழெட்டு மீட்டர் ஹோஸில் ஆறிய பிறகு, கன்னுக்கு முன்னால் மாட்டினால்தான் தண்ணீர் பிரியும்.

பழைய கம்ப்ரசர் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்குவது? ஃபிரிட்ஜ் கம்ப்ரசரையும் சமையல் கேஸ் சிலிண்டரையும் சேர்த்து மலிவாகச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், அது எப்படி? – வாசகர், திண்டுக்கல்

இரண்டாவதை உடனே மறந்துவிடுங்கள். சமையல் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, அதை வெட்டுவதும் ஒட்டுவதும் குற்றம். தண்ணீர் திறந்துவிட அதில் அடியில் வழியும் இல்லை. இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது, குழாயை வெட்டும்போதே விபத்து நடக்கலாம். அப்படியே செய்தாலும் காற்று குறைவு, தன் ஆயிலையும் சேர்த்துத் துப்பும், சூடாகி நிற்கும்.

பழையதை வாங்கலாம், ஆனால் டேங்கை முதலில் பாருங்கள், மோட்டாரை அப்புறம். பெயர்த்தகட்டில் அழுத்த அளவும் செய்த ஆண்டும் தெரிய வேண்டும். கீழே படுத்து டிரெயின் காக்கைச் சுற்றி டார்ச் அடியுங்கள். அங்கே ஒட்டுப்போட்ட வெல்டிங் தடம் இருந்தால், என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம். துரு தின்ற தகட்டின் மேல் ஒட்டியது அது, பக்கத்திலேயே அடுத்த இடம் போகும். டிரெயின் காக்கைத் திறந்து தண்ணீரின் நிறம் பாருங்கள். பிறகு நிரப்பும் நேரத்தை, ஈரோடு வாசகருக்குச் சொன்ன முறையில் அளங்கள். அதே மாடல் புதிதாக எடுக்கும் நேரத்தைவிட ஒன்றரை மடங்கு ஆனால் ரிங்கோ வால்வு பிளேட்டோ போயிருக்கிறது. அது சரிசெய்யக்கூடியது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஏர் கன் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை 20 நொடி பிடியுங்கள். எண்ணெய்ப் புள்ளி நிறைய விழுந்தால் ரிங் தேய்ந்தது உறுதி. நிரம்பிய டேங்க் ஆறிய பிறகு அரை மணி நேரம் விட்டால் கேஜ் முள் அசையக் கூடாது. அசைந்தால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். 1 மி.மீ. துளையில் 6 பாரில் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் போய்விடும், 1 ஹெச்.பி. பம்பின் மொத்த உழைப்பும் அதற்கே சரி. கடைசியாக சேஃப்டி வால்வின் வளையத்தை இழுங்கள். காற்று பீறிட்டு, விட்டதும் சட்டென்று மூட வேண்டும். வளையம் அசையவில்லை என்றால் புது வால்வு போடாமல் ஓட்டாதீர்கள்.

ஏ.சி., கம்ப்யூட்டர் எல்லாம் இதால் சுத்தம் செய்யலாமா? வேலை முடிந்து உடம்பில் இருக்கும் தூசியையும் ஊதிக்கொள்ளலாமா? – வாசகர், மதுரை

உடம்பில் கூடவே கூடாது. கிழிந்த தோல், காயம், காது வழியாகக் காற்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் கொடுக்காதீர்கள். பொருள்களைச் சுத்தம் செய்ய ரெகுலேட்டரை 2 பாருக்குக் குறைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். ஏ.சி.யை மெயினில் அணைத்து, ஃபின் என்னும் மெல்லிய தகடுகளுக்கு நேராக ஒரு அடி தூரத்தில் இருந்து ஊத வேண்டும். சாய்த்து ஊதினால் ஃபின் மடங்கிவிடும். கம்ப்யூட்டரில் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறித்தனமாகச் சுற்றினால் பேரிங் போகும். முன்னதாகக் காற்றைத் தரையில் சில நொடி ஊதிப் பாருங்கள். ஹோஸில் தங்கிய தண்ணீர் முதலில் வரும், அது மதர்போர்டில் விழக்கூடாது.

ஷெட்டில் சுவரோரமாக பி.வி.சி. பைப் ஓட்டி இரண்டு இடத்தில் காற்று எடுக்க நினைக்கிறேன். – வாசகர், ஓசூர்

பி.வி.சி. வேண்டாம். தண்ணீர் என்றால் விரிசலில் கசியும், காற்று என்றால் பைப் சில்லுச் சில்லாகச் சிதறும். வெயிலில் வருடக்கணக்கில் நின்ற பைப் இன்னும் நொறுங்கும். ஜி.ஐ. பைப் போடுங்கள், இல்லையென்றால் ரப்பர் ஹோஸே போதும். ஜி.ஐ. என்றால் கம்ப்ரசரை விட்டு விலக விலகக் கொஞ்சம் சரிவாக இறக்கி, கோடியில் ஒரு டிரெயின் காக் வையுங்கள்.

மூன்று மாதம் வெளியூர் போகிறேன். கம்ப்ரசரை என்ன செய்துவிட்டுப் போவது? – வாசகி, தூத்துக்குடி

பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். காற்றை முழுக்க விட்டு, தண்ணீரை இறக்கி, ரெகுலேட்டர் குமிழைத் தளர்த்துங்கள். அழுத்தத்திலேயே கிடந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் சோர்ந்துபோகும். பெல்ட் இயந்திரம் என்றால் உறிஞ்சும் ஃபில்டரை ஒரு துணியால் கட்டி, அங்கே ஒரு சீட்டையும் தொங்கவிடுங்கள், திரும்பி வந்ததும் துணியோடு ஓட்டிவிடாமல் இருக்க. உப்புக்காற்று ஊர் என்பதால் டேங்கின் அடியில் பெயின்ட் உதிர்ந்த இடங்களுக்கு ஒரு கோட் பெயின்ட் பூசிவிடுங்கள். டிரெயின் காக்கை மட்டும் மூடாமல் திறந்தபடியே விட்டுவிட்டுப் போங்கள்.